விதைக்கும் முன்னாடி சொல்லுங்க

2025 ஆவணி மூன்றாம் தேதி காலை. தறியை ஓட விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நூல் ஏவாரி ஒருத்தர் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தார். வெளிநாட்டுப் பருத்திக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரி இன்றிலிருந்து கிடையாது, நூல் விலை இறங்கப் போகிறது, தறிக்காரர்களுக்கு வாழ்த்து. கூடவே கைகூப்புகிற படம் மூன்று. பத்து நிமிஷம் கழித்து பந்தல்குடியிலிருந்து அண்ணன் பேசினார். "தம்பி, ஒனக்கு நல்ல காலம் பொறந்துருச்சாமே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவர் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. என் தறிச் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

நான் அருப்புக்கோட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறேன். அண்ணன் பந்தல்குடியில், எங்கள் அய்யா விட்டுப் போன நாலு ஏக்கர் கரிசலில் வெள்ளாமை பார்க்கிறார். இரண்டு ஊருக்கும் நடுவே டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். பருத்தி விலை ஏறினால் அவர் வீட்டு அடுப்பு எரியும், என் வீட்டு அடுப்பு அணையும். விலை இறங்கினால் அவர் வீட்டில் அணைந்து என் வீட்டில் எரியும் என்றுதானே நினைப்பீர்கள்? அந்த ஏவாரியும் அப்படி நினைத்துத்தான் வாழ்த்து அனுப்பினார். டெல்லியில் கணக்குப் போடுகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஐயா, இறங்கினாலும் என் வீட்டில் எரிவதில்லை. ஒருத்தன் வயிற்றில் அடித்து இன்னொருத்தனுக்குச் சோறு போட்டிருந்தால்கூட ஒரு வீட்டுக்குள் பகிர்ந்து தின்றிருப்போம். அடி மட்டும் விழுகிறது, சோறு எங்கேயோ போகிறது.

அய்யாவுக்கு ஒரு பழக்கம். எந்தப் பருத்தியைப் பார்த்தாலும் ஒரு சிட்டிகை கிள்ளி, இரண்டு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெல்ல இழுப்பார். பஞ்சு இரண்டாகப் பிரியும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து மறுபடி இழுப்பார். நாலைந்து தரம் இழுத்ததும் இழைகள் ஒரே சீராக வரிசை பிடித்து நிற்கும். வேட்டியின் கறுப்புக் கரைமேல் வைத்து நீளம் பார்ப்பார். நகத்தளவு, நகத்துக்கு மேல் ஒரு நெல், அவ்வளவுதான் அவர் அளவுகோல். பிற்பாடு ஒரு நூற்பாலை ஆய்வுக்கூடத்தில் மிஷின் வைத்து மில்லிமீட்டரில் அளப்பதைப் பார்த்தபோது, அய்யாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது. அவர் போட்டது கருங்கண்ணிப் பருத்தி. காய் சிறுசு, இழை குட்டை. ஆனால் ஆணிவேர் கரிசலுக்குள் ஆழமாக இறங்கிவிடும், ஒரு மழை பொய்த்தாலும் செடி தாக்குப்பிடிக்கும். விதை வீட்டுக் குலுக்கையில் இருக்கும். கடைக்குப் போய் விதை வாங்கினால் ஊரில் சிரிப்பார்கள்.

அண்ணனின் புஞ்சையை ஒட்டி மதுரை–தூத்துக்குடி நாலுவழிச் சாலை. ராத்திரி பகல் என்று இல்லை, துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் வண்டிகள் வடக்கே போய்க்கொண்டே இருக்கும். நீலம், சிவப்பு, துருப்பிடித்த பச்சை. ஆவணிக்கு அப்புறம் அண்ணன் வரப்பில் உட்கார்ந்து அந்தப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். "பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கென்னண்ணே தெரியும்" என்றால், "பருத்திதான்டா, வாசம் வருதுல்ல" என்கிறார். அடைத்த இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து பருத்தி வாசம் எப்படி வரும்? ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு காலத்தில் இதே தூத்துக்குடி வழியாகத்தான் எங்கள் கரிசல் பருத்தி கப்பலேறிப் போனது. சாத்தூர், விருதுபட்டி, கோவில்பட்டிப் பக்கத்துப் பருத்திக்கு லிவர்பூல் சந்தையில் 'தின்னவேலி' என்று தனிப் பேரே இருந்தது. பருத்தி அங்கே போகும், துணியாக இங்கே வரும். ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்திலும் அடுத்துத் தூத்துக்குடியிலும், 1892ல் மதுரையிலும் மில் வைத்தபோது, இங்கேயே நூற்கலாம் என்று ஒரு வாசல் திறந்தது. அதற்கும் தாழ்ப்பாள் போட ஆள் இருந்தார்கள். லங்காஷயர் மில்காரர்கள் கூப்பாடு போட்டதால், இறக்குமதித் துணிக்குப் போட்ட அதே 3.5 சதவீதத்தை 1896ல் இந்திய மில் துணிமீதும் வரியாகப் போட்டார்கள். தன் ஊரில் தன் துணிக்குத் தண்டம். அதை எடுக்க முப்பது வருஷம் ஆனது. அது வெள்ளைக்காரன் காலம், அவன் யாருக்காகச் செய்தான் என்று எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு யாருக்காகச் செய்கிறார்கள் என்று கேட்டால், உனக்காகத்தான் என்கிறார்கள். அதுதான் பொறுக்க மாட்டேன் என்கிறது.

வரி வந்த கதையைக் கேளுங்கள். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில், உள்நாட்டு விவசாயியைக் காப்பாற்ற என்று சொல்லி, எல்லாம் சேர்த்து 11 சதவீதம் போட்டார்கள். அண்ணன் சந்தோஷப்பட்டார். அடுத்த வருஷம் பருத்தி விலை ஏறு ஏறு என்று ஏறியது. 2022 ஏப்ரல் 14, சித்திரை ஒன்றாம் தேதி. வீட்டில் மாங்காய்ப் பச்சடி கிண்டிக்கொண்டிருந்த அன்றைக்கு வரி கிடையாது என்று அமலுக்கு வந்தது. எங்கள் பக்கம் கடைசி எடுப்பும் முடியப்போகிற நேரம் அது. நூல் விலை இறங்கும் என்று வாயைப் பிளந்து காத்திருந்தேன். மே மாதம் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. திருப்பூரே இரண்டு நாள் கடையடைத்து உட்கார்ந்தது. வரியை எடுத்த பின்னால் ஏறிய விலை ஐயா இது! அந்த மாதம் எனக்கு நூல் வாங்கக் கையில் பணமில்லாமல் ஆறு தறியில் நாலு நின்றது. நின்ற தறியில் சிலந்தி வலை கட்ட எத்தனை நாள் ஆகும் தெரியுமா? மூன்றே நாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வரி எடுத்ததை செப்டம்பர் வரை என்றார்கள், பிறகு அக்டோபர் வரை என்றார்கள், பிறகு மறுபடி வரி. 2024 பிப்ரவரியில் மிக நீள இழைப் பருத்திக்கு மட்டும் விலக்கு. 2025 ஆகஸ்டில் திரும்ப எல்லாப் பருத்திக்கும் விலக்கு, முதலில் செப்டம்பர் 30 வரை. அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டுவிட்டது, ஏற்றுமதிக்காரர்கள் மூச்சு விடட்டும் என்று காரணம். அந்த 50 சதவீதம் அமலுக்கு வந்தது ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி. மறுநாளே நம் விலக்கை டிசம்பர் 31 வரை நீட்டிவிட்டார்கள்.

டெல்லிக்காரர்களே, வெள்ளாமை பார்க்கும் சம்சாரியின் பஞ்சாங்கம் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கிறேன். எங்கள் மானாவாரிக் கரிசலில் பருத்தி விதைப்பது புரட்டாசிப் பட்டத்தில். ஆவணியில் உழவு போட்டு, முதல் மழைக்கு வானத்தைப் பார்த்து நிற்பான். முதல் எடுப்பு தையில் வரும், மாசி பங்குனியில் முற்றும். அவன் விதையைக் கையில் எடுக்கிற வேளையில் வரி போகிறது. அவன் பருத்தி சந்தைக்கு வருவதற்குள் மில் கிட்டங்கி நிறைந்துவிடும். விலக்கு டிசம்பரோடு முடிந்தால் அவனுக்கு என்ன, நீண்டால் என்ன? கப்பல் வந்து சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிருக்கும்.

மில்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டு மில்களுக்கு வருஷத்துக்கு நூறு லட்சம் பேலுக்கு மேல் பஞ்சு வேண்டும். தமிழ்நாட்டில் விளைவது ஐந்து லட்சத்தைச் சுற்றித்தான். போட்டிக்கு நிற்கிற பங்களாதேஷில் பருத்தி விளைச்சல் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. வெளியிலிருந்து வரியில்லாமல் வாங்கித்தான் நூற்றுத் தைத்து உலகத்துக்கு உடுத்தக் கொடுக்கிறான். பஞ்சு விலை கூடினால் எங்கள் மில் எப்படி அவனோடு மல்லுக்கட்டும்? சரி, வரியே வேண்டாம் என்று ஒரு முடிவெடுங்கள். அல்லது ஐந்து வருஷத்துக்கு வரி இவ்வளவு என்று எழுதி ஒட்டுங்கள். அண்ணன் அதற்குத் தக்க மக்காச்சோளமோ உளுந்தோ மல்லியோ போட்டுக்கொள்வார். நான் அதற்குத் தக்க ஆர்டர் பிடிப்பேன். ராத்திரி பத்து மணிக்கு அறிவிக்கை போட்டு, விடிந்தால் அமல் என்றால், நாங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் படுப்பது?

இந்திய பருத்திக் கழகம் இருக்கிறதே, ஆதரவு விலைக்கு வாங்குமே என்பீர்கள். 2025–26க்கு நடுத்தர இழைக்கு குவிண்டால் 7,710, நீள இழைக்கு 8,110 ரூபாய் என்று அறிவித்தார்கள். பேப்பரில் நல்ல விலைதான். அந்தக் கொள்முதலில் பெரும்பங்கு தெலங்கானா, மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் நடக்கிறது. ஈரப்பதம் எட்டு சதவீதம் இருந்தால் முழு விலை, கூடக் கூடப் பிடித்தம், பன்னிரண்டைத் தாண்டினால் வாங்கவே மாட்டார்கள். 2025–26 பருவத்திலிருந்து 'கபாஸ் கிசான்' என்ற செயலியில் பதிந்தால்தான் விற்க முடியும். "கபாஸ்னா என்னடா?" என்றார் அண்ணன். "பருத்திண்ணே." "அத பருத்தின்னே வச்சிருக்கலாம்ல?" அறுபது வருஷம் பருத்திக்குள்ளேயே கிடந்த மனுஷன், பருத்தியின் பேரைத் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

2025 பங்குனியில் அவர் கமிஷன் கடையில் போட்டது குவிண்டால் 6,200க்கு. அந்த வருஷ ஆதரவு விலை 7,121. நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் தாட்டுக்குள் கையை முழங்கை வரை விட்டு அடிப்பருத்தியை எடுத்தார், உள்ளங்கையில் வைத்து அழுத்தினார், முகத்தைச் சுளித்தார். "ஈரம்" என்றார். பங்குனி வெயிலில் ஈரம்! அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. எடுப்புக் கூலி கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் வீதம் பெண்களுக்கு அன்று சாயங்காலமே கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, வேட்டி மடியை அவிழ்த்து மதினி முன்னால் உதறினார். இரண்டு இருநூறு ரூபாய் நோட்டும், ஒரு பருத்திக் கொட்டையும் விழுந்தன.

புதுமை, கண்டுபிடிப்பு என்று நாள்தோறும் காதில் விழுகிறது. பருத்தியில் நடந்த புதுமை என்ன? 2002ல் மரபணு மாற்றிய விதை வந்தது, 2006ல் அதன் அடுத்த ரகம். அதோடு சரி. கிட்டத்தட்ட இருபது வருஷம். காய்ப்புழு மட்டும் வருஷாவருஷம் புதுமை காட்டுகிறது, மருந்துக்குத் தேறிவிட்டது. 2013–14ல் நாடு முழுக்க 398 லட்சம் பேல் விளைந்தது. இப்போது முந்நூறு லட்சத்தைச் சுற்றி நொண்டுகிறது. குலுக்கையில் இருந்த விதை பாக்கெட்டுக்குப் போனது. வருஷாவருஷம் வாங்கு, தண்ணி பாய்ச்சு, மருந்தடி. தண்ணிக்கு எங்கே போவது, கண்மாயில் சீமைக்கருவேலம் அல்லவா நிற்கிறது? கோவில்பட்டியில் 1901லிருந்து ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது, இந்த மண்ணுக்கு என்று பாடுபட்டு ரகம் எடுத்த இடம். மானாவாரிக்கு, மழை தப்பினாலும் நிற்கிற, மில் கேட்கிற இழை நீளமுள்ள ஒரு பருத்தியை எங்களுக்குக் கொடுக்க, அந்த மாதிரி நிலையங்களில் எவ்வளவு பணம் கொட்டினார்கள்? 2025 பட்ஜெட்டில் பருத்திக்கு ஐந்து வருஷ இயக்கம் என்று அறிவித்தார்கள். பிப்ரவரியில் பருத்தியை வளர்ப்போம், ஆகஸ்டில் கப்பலை வரச் சொல்வோம். ஒரே வருஷம், ஒரே அரசாங்கம்.

பிரேசிலைப் பாருங்கள். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிக்கு மானியத்தைக் கொட்டி உலக விலையைச் சாய்க்கிறது என்று 2002ல் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போட்டான். பன்னிரண்டு வருஷம் விடவில்லை. 2014ல் அமெரிக்கா 30 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் பேசியது. இன்றைக்கு ஏற்றுமதியில் அமெரிக்காவோடு முதலிடத்துக்குப் போட்டி போடுகிறான். அங்கேயும் கொள்கைதான். ஆனால் அவன் கொள்கைக்கு ஞாபகசக்தி இருந்தது.

இனி என் பக்கம் வருகிறேன்.

என் மாமனார் குழித்தறிக்காரர். காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பார். மாமியார் தார் சுற்றுவார், பிள்ளைகள் பாவு ஓட்டும். அவர்களைக் காப்பாற்ற 1985ல் ஒரு சட்டம். 22 ரகத் துணியைக் கைத்தறி மட்டுமே நெய்யலாம். பிறகு அது 11 ஆனது. மில்கள் விற்கும் நூலில் பாதியைக் கைத்தறிக்குத் தக்கபடி சிட்டமாகத்தான் போட வேண்டும் என்று இருந்தது. கைத்தறிக்காரனால் கோனில் சுற்றிய நூலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? 2003ல் அந்தப் பாதி 40 சதவீதமானது, 2019ல் 30 ஆனது. 2009–10 கணக்கெடுப்பில் நெசவிலும் சார்பு வேலையிலும் 43 லட்சம் பேர். பத்து வருஷம் கழித்து 35 லட்சம். 2020 ஜூலையில், தேசிய கைத்தறி நாளுக்குக் கொஞ்ச நாளே இருக்கையில், கைத்தறி வாரியத்தையே கலைத்தார்கள். நாளைக் கொண்டாட ஆள் இருக்கிறது, வாரியத்துக்குத்தான் ஆள் வேண்டாமாம்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த 11 ரகத்தில் ஒன்றை, கரை போட்ட பருத்திச் சேலையை, என் விசைத்தறியில் நானும் ஓட்டியிருக்கிறேன். அருப்புக்கோட்டையில் ஓட்டாதவன் யார்? மாமனார் ஒருநாள் வந்து தறியோரம் நின்றார். நாடா போய் வருகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என் ஒருநாள் கூலிய ஒரு மணி நேரத்துல நெஞ்சிருதே மாப்ளே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சட்டம் அவரைக் காப்பாற்றவில்லை, அவரை அமுக்கிய என்னையும் வாழ வைக்கவில்லை. எனக்கு மேலே ஒரு நாடா இல்லாத் தறிக்காரன், அவனுக்கு மேலே ஒரு சூரத்துக்காரன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், தொழில் ஊக்கத் திட்டங்களை விளக்குகிற கூட்டம். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, கூப்பிட்டதே பெரிய விஷயம். மெத்தை நாற்காலி, டீ, இரண்டு கிரீம் பிஸ்கட். திரையில் படம் ஓடியது. ஜவுளிக்கு உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகை, 10,683 கோடி ரூபாய். எனக்கு நெஞ்சு படபடத்தது. அடுத்த படம்: குறைந்தபட்ச முதலீடு 100 கோடி, அடுத்த பிரிவுக்கு 300 கோடி. அதற்கடுத்த படம்: செயற்கை இழைத் துணி, செயற்கை இழை ஆடை, தொழில்நுட்ப ஜவுளி. பருத்தி இல்லை. எழுந்து கேட்டேன். "சார், ஆறு தறிக்காரனுக்கு இதுல என்ன இருக்கு?" அதிகாரி நல்ல மனுஷன், சின்ன வயசு. "நாலஞ்சு பேரா சேந்து வாங்களேன்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். பழைய தறி ஒன்று ஒன்றரை லட்சம் என்று வைத்தால் 100 கோடிக்கு 6,666 தறி. ஆளுக்கு ஆறு வீதம் 1,111 பேர் சேர வேண்டும். மொய் எழுதுகிற தொகை மாதிரி இருக்கிறதே என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒரு மாதிரி பார்த்தார்.

2025 ஏப்ரலிலிருந்து இரண்டரைக் கோடி வரை இயந்திரம் போட்டு, பத்துக் கோடி வரை விற்றுமுதல் காட்டுகிறவனும் 'குறுந்தொழில்'. நானும் குறுந்தொழில். எறும்பையும் எருமையையும் ஒரே தொழுவத்தில் கட்டி, குறுந்தொழிலுக்குக் கடன் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். தீவனம் யார் தின்றது என்று கேட்க ஆள் இல்லை. 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு நல்ல எண்ணம். குறு சிறு தொழில்காரனுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் வாங்கியவன் அதை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. கேட்கவே இனிக்கிறது இல்லையா? என்னிடம் சேலை எடுக்கிற கடைக்காரர் ஒருத்தர் போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, அந்த உத்யம் குறுந்தொழில் பதிவ ரத்து பண்ணிருங்க. இல்லேன்னா நமக்குள்ள ஏவாரம் சரிப்படாது." எனக்காகப் போட்ட சட்டத்திலிருந்து என் பேரை நானே வெட்டிக்கொண்டேன். பணம் இப்போதும் தொண்ணூறு நாள்தான்.

நன்றி கெட்டுப் பேசக் கூடாது. மாநில அரசு விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசமாகக் கொடுக்கிறது, 2023க்கு முன்னால் 750. அது இல்லாவிட்டால் என் ஷெட் எப்போதோ பூட்டியிருக்கும். சாத்தூர்ப் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வருகிறது. நாட்டில் ஏழு இடத்தில் வருகிற பிஎம் மித்ரா பூங்காக்களில் ஒன்று, 2023 மார்ச்சில் அறிவித்தது. வரட்டும். எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போவார்கள், பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் அந்தப் பூங்காவில் நூற்பதற்கு அண்ணனின் பருத்தி போகுமா, நெய்வதற்கு என் தறி போகுமா என்று யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறார்களா? பந்தல்குடி மண்ணிலிருந்து வெட்டுகிற சுண்ணாம்புக்கல் லாரி லாரியாகப் போகிறது, மூட்டை சிமெண்டாகத் திரும்பி வருகிறது, நாங்கள் வாங்கிக் கட்டுகிறோம். அதே மாதிரி நாளைக்கு அந்தப் பூங்காவின் சட்டை எங்கள் ஊர்க் கடைக்கு வரும், நாங்கள் வாங்கிப் போட்டுக்கொள்வோம்.

விநாயகர் சதுர்த்தி அன்று குடும்பத்தோடு பந்தல்குடி போனேன். கொழுக்கட்டை தட்டில் இருந்தது, யாரும் கை வைக்கவில்லை. டிவியில் அமெரிக்க வரி, 50 சதவீதம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கேட்டார், "அந்தா, அவன் ஒங்க துணிக்கி வரி போட்டா, இவன் ஏண்டா என் பருத்திக்கி வரிய எடுக்கணும்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "மில்லு ஓடுனாத்தான என் தறி ஓடும்ணே" என்றேன்.

"ஒந்தறி ஓட எம்பருத்தி சாகணுமா?"

"நானா அண்ணே வரிய எடுத்தேன்?"

"ஒனக்கு வாழ்த்துச் சொன்னாங்கள்ல?"

அந்த வாழ்த்தைப் பற்றி அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன், தமாஷாக. மதினி கொழுக்கட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிள்ளைகள் வாசலில் விளையாடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஐம்பது வருஷத்தில் எங்களுக்குள் வரப்புத் தகராறு வந்ததில்லை, பங்குத் தகராறு வந்ததில்லை. எங்கேயோ யாரோ போட்ட ஒரு கையெழுத்து, அய்யா உட்கார்ந்து பஞ்சு இழுத்துப் பார்த்த அதே திண்ணையில் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தது. சொல்லட்டுமா ஐயா, என் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது அதில்தான். நஷ்டம் எங்களுக்குப் புதுசில்லை. நஷ்டத்துக்கு அண்ணன் என்னைக் காரணம் சொல்வதும், உள்ளுக்குள் நான் அவரைக் காரணம் சொல்வதும் புதுசு. விவசாயிக்கும் மில்லுக்கும் நெசவாளிக்கும் தனித்தனி அமைச்சகம், தனித்தனி மனு, தனித்தனி நிவாரணம். ஒருத்தனுக்குக் கொடுப்பதை இன்னொருத்தன் பையிலிருந்து எடுப்பது. செடியில் வெடித்தது முதல் சேலையாக மடிவது வரை ஒரே நூல்தானே ஓடுகிறது, அதை ஒரே ஆள் ஒரு நாளாவது முழுசாகக் கையில் பிடித்துப் பார்க்கக் கூடாதா?

ஆவணி போனது. நூல் விலை இறங்கியதா? கிலோவுக்கு ஏதோ நாலைந்து ரூபாய் இறங்குவது போல் பாவனை காட்டியது. அதற்குள் கடைக்காரர் சேலை விலையில் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டார். "நூலுதான் எறங்கிருச்சே அண்ணாச்சி." புரட்டாசி பிறந்து ஆறாம் நாள் ஜிஎஸ்டியில் செயற்கை நூலுக்கு 12 சதவீதத்தை 5 ஆக்கினார்கள். பழைய கோணலை நிமிர்த்தினார்கள், குற்றம் சொல்ல மாட்டேன். பக்கத்து ஷெட்காரர் பருத்திப் பாவை இறக்கிவிட்டு பாலியஸ்டர் பாவு ஏற்றிவிட்டார். என்னிடமும் வந்து, "இன்னும் எத்தன நாளைக்கிண்ணே பருத்தியக் கட்டிக்கிட்டு அழப்போறீங்க" என்றார். என் ஆறாவது தறியில் இன்னும் பருத்திப் பாவு இருக்கிறது, அறுபது சேலைக்கு வரும். தீர்ந்ததும் என்ன ஏற்றுவது என்று முடிவெடுக்கவில்லை.

அன்று சண்டை போட்டுத் திரும்பியதிலிருந்து அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. முந்தாநாள் ராத்திரி இடி இடித்தது. அருப்புக்கோட்டையில் தூறல், பந்தல்குடிப் பக்கம் நல்ல மழை என்றார்கள். நேற்று விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. குரலில் கோபம் இல்லை, வழக்கமான அவசரம்தான் இருந்தது.

"தம்பி, மண்ணு நல்லா நனைஞ்சிருக்கு. ஏழு மணிக்கி டிராக்டரு வருது. டிசம்பருக்கு அப்பறம் அந்த வரி திரும்ப வருமா, வராதா? வருமின்னா ரெண்டு ஏக்கரு பருத்தி போடுறேன். வராதுன்னா நாலும் மக்காச்சோளம்தான்."

"தெரியலண்ணே."

"யார்ட்டயாவது கேட்டுச் சொல்லேன்."

நூல் ஏவாரிக்குச் செய்தி போட்டேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. எனக்குத் தெரிந்த மில் மேனேஜருக்குப் போட்டேன். அவர் தூங்கியிருப்பார். தறிக்காரர் குரூப்பில் கேட்டேன். ஒருத்தர் கைகூப்புகிற படம் அனுப்பினார். ஆறே முக்காலுக்கு அண்ணன் மறுபடி கூப்பிட்டார். பின்னால் டிராக்டர் உறுமுகிற சத்தம் கேட்டது.